மூன்று சுற்று

போன மாதம் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். ஓய்வு பெற்று ஏழு வருடம் கழித்து இலாகாவுக்கு என் நினைவு வந்ததே பெரிய விஷயம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வகுப்பு. தலைப்பு, 'வேலையில் மகிழ்ச்சி காண்பது எப்படி'. பழைய ஆள் ஒருவர் வந்து பத்து நிமிடம் பேசினால் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மைசூரில் வீட்டுக் குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வ்மேனாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். எனக்குத் தெரிந்த மகிழ்ச்சியைப் பேசினேன். கைதட்டினார்கள். ஆனால் நான் அங்கே சொன்னது பாதிதான். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். இதற்கு யாரும் சால்வை போர்த்த மாட்டார்கள்.

எனக்குச் சொந்த ஊர் கொள்ளேகாலைத் தாண்டி ராமாபுரம் பக்கம். குழாய் பதிக்கும் கூலியாளாக மைசூருக்கு வந்தேன். நாலு வருடம் பள்ளம் தோண்டிய பிறகு வேலை நிரந்தரமாயிற்று. பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய வால்வ்மேன் ஒருவரோடு ஆறு வாரம் சைக்கிளில் சுற்றினேன். அவர் சொன்னதில் பாதி பீடிப் புகையோடு போயிற்று. மீதியில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: வால்வை ஒருபோதும் வேகமாகத் திருப்பாதே, ஒரு சுற்றுக்கு ஒரு மூச்சு விடு, இல்லையென்றால் குழாய் எங்காவது வெடிக்கும்.

விஜயநகரில் எனக்குக் கொடுத்த இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேட்டில் தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து இறங்கும் பெரிய குழாய் ஒரு முக்கில் இரண்டாகப் பிரியும். ஒன்று ஏழாவது கிராஸ் என்ற குறுக்குத் தெருவுக்குப் போகும். மாடி வீடுகள், வாசலில் கார், தரைக்கடியில் அறை மாதிரித் தொட்டி கட்டி வைத்திருப்பவர்கள். மற்றது நேராக ஒன்றரை கிலோமீட்டர் ஓடி கல்குட்டைக் காலனியில் முடியும். கொள்ளேகால், ஹனூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே இருந்தன. ஷீட் போட்ட வீடுகள், தெருவுக்கு ஒரு பொதுக் குழாய். முக்கில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் இரண்டு வால்வு. நாலடி உயரமுள்ள இரும்புச் சாவியை உள்ளே விட்டுத் திருப்ப வேண்டும். முழுக்கத் திறக்கப் பதினெட்டுச் சுற்று.

காலை ஐந்தரைக்குக் காலனி வால்வை முழுதாகத் திறக்க வேண்டும். ஆறு மணிக்கு ஏழாவது கிராஸ் வால்வு, ஆறே ஆறு சுற்று. எட்டு மணிக்கு இரண்டையும் மூட வேண்டும். ஏன் ஆறு என்றால், அந்த வீடுகளின் தொட்டிகளுக்கு வயிறு பெரிது. கூடத் திறந்தால் எல்லாவற்றையும் அவையே குடித்துவிடும். கடைசியில் இருக்கும் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கும்.

இந்தக் கணக்கைப் போட்டவர் எங்கள் என்ஜினியர் நஞ்சுண்டையா. ஒல்லி உடம்பு, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, ஓடும்போது இருமும் ஒரு மொபெட். அதிகம் பேச மாட்டார். தண்ணீர் வரவில்லை என்று புகார் வந்தால் காகிதத்தைப் பார்க்க மாட்டார். அந்தக் குழாய்க்கே போவார். ஒரு குடத்தை வாங்கி வைப்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். குடம் நிரம்பும் வரை முள்ளிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். நிரம்பியதும் குடத்துக்காரியின் இடுப்பில் தானே தூக்கி வைத்துவிட்டு, நேரத்தைச் சின்ன நோட்டில் எழுதுவார்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் இடத்தில் எந்த வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சொந்த பாட்டில்தான். ஒரு சித்திரை வெயிலில் குழாயைச் சரிசெய்து கொடுத்துவிட்டு நிற்கிறோம், வீட்டம்மா மோர் கொண்டுவந்தார். "பேடம்மா" என்றார் இவர். வேண்டாம் என்பதற்கு அந்த ஒரு கன்னடச் சொல்லோடு சரி. சார் குடிக்காதபோது நான் எப்படிக் குடிப்பது? டம்ளரில் மிதந்த கொத்தமல்லி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வழியில் கேட்டேவிட்டேன். "ஏன் சார், மோர் குடிச்சா என்ன குத்தம்?"

அவர் பேசுவது மைசூர்க்காரர்கள் பேசும் தமிழ்; வீட்டை மனே என்பார். "நோடு பழனி, இன்னிக்கி அந்த மனேல மோர் குடிச்சே. நாளைக்கி அந்த மனே குழாய் மட்டும் உன் கண்ணுக்குப் பெரிசாத் தெரியும். தப்பு அவங்களது இல்லே. நம்ம கண்ணு அப்படி."

உப்புச்சப்பு இல்லாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். இப்படி வேலை பார்த்தால் வேலையில் என்ன சுகம் இருக்கிறது என்று கமலாவிடம் வந்து பொருமினேன். கமலா என் மனைவி. "அவுரு குடிக்காட்டி உங்களுக்கென்னங்க, ஊட்டுக்கு வந்தா நான் தாரேன் மோரு" என்றாள்.

ஆனால் எனக்கு அந்த வேலையில் உண்மையான சுகத்தைக் காட்டியவரும் அவர்தான். ரோட்டுக்கடியில் குழாய் கசிந்தால் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு இரும்புக் கம்பி இருந்தது. ஐந்தடி நீளம், மேல் நுனியில் ஒரு குமிழ். கீழ் நுனியைத் தரையில் ஊன்றி, குமிழைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். கசிவு இருந்தால் தோசைக்கல்லில் எண்ணெய் காய்வது போல ஒரு மெல்லிய சத்தம் வரும். பத்தடிக்கு ஒரு இடம் என்று நடந்துகொண்டே போக வேண்டும். ஒரு தடவை கல்யாண மண்டபம் ஒன்றின் வாசலில், மூன்று பேர் கேட்டுவிட்டு ஒன்றும் இல்லை என்று சொன்ன இடத்தில், எனக்குக் கேட்டது. தோண்டினார்கள். மூன்றடியில் ஈர மண், நாலடியில் குழாயில் நகக்கீறல் அளவு விரிசல்.

நஞ்சுண்டையா குழியை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தக் கம்பி இனிமே உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குச் சைக்கிளில் கம்பியைக் கட்டிக்கொண்டு போனபோது எனக்கிருந்த பெருமையை என்னால் சொல்லி முடிக்க முடியாது. அதற்குப் பிறகு மற்ற வட்டாரத்துக்காரர்கள்கூட, "காது பழனியைக் கூப்பிடு" என்பார்கள். அந்தச் சந்தோஷம் எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

போதவில்லை. கம்பியோடு கேட்கும் வேலை மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ. மற்ற நாளெல்லாம் குழிக்குள் குனிந்து நிற்கும் வேலை. தண்ணீர் வந்தால் யாருக்கும் வால்வ்மேன் நினைவு வராது. வராவிட்டால் அவனுடைய ஏழு தலைமுறையும் நினைவுக்கு வரும். ஐந்து வருடம் அந்தத் தெருவில் என் பெயர்கூட யாருக்கும் தெரியாது. "ஏய் தண்ணி" என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதலில் பெயரைக் கேட்டவர் சாவித்திரம்மா. ஏழாவது கிராசில் முனை வீடு. அவருடைய கணவர் பேங்கில் இருந்தார். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், கன்னடம் கலந்த தமிழ். ஒரு யுகாதி அன்று காலையில் குழிக்கே வந்து நின்றார்.

"உங்க பேரென்னப்பா? பழனியா? பழனி, இன்னிக்கி வீடு நிறைய ஜனம். ஸ்வல்ப ஜாஸ்தி பிட்டுக்கொடப்பா" என்றவர், எனக்குப் புரியவில்லையோ என்று, "கொஞ்சம் கூட விடேன்" என்றார்.

ஒரு சுற்று கூடத் திறந்தேன். ஏழு. பண்டிகைதானே என்று சமாதானம். எட்டு மணிக்கு மூட வந்தபோது ஒப்பட்டு என்கிற போளியும் காபியும் கொடுத்தார். மறுநாள் ஆறாகக் குறைத்திருக்க வேண்டும். அந்த அம்மா மாடியிலிருந்து, "பழனி, தண்ணி ரொம்ப சென்னாகி, நல்லா வந்துதப்பா!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் எனக்குக் கை வரவில்லை.

அப்புறம் தினமும் காபி. முதலில் மதில் மேல் வைத்துவிட்டுப் போவார்கள், பிறகு படியில், பிறகு உள்ளே நாற்காலியில். எதிர்வீட்டுக்காரரும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். ஏழு எட்டாயிற்று, எட்டு ஒன்பதாயிற்று. எதிர்வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். "நீ வந்தாத்தான் நம்ம பீதிக்கே விடியுது" என்று சாவித்திரம்மா ஒருநாள் சொன்னார். பீதி என்றால் தெரு. அதைக் கமலாவிடம் நாலு தடவை சொன்னேன். காலையில் எழுந்து எப்போது வேலைக்குப் போவோம் என்றிருந்தது. பயிற்சி வகுப்பில் நான் பேசியது இதைத்தான். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

காலனியில் செல்வி என்று ஒரு பெண் இருந்தாள். எங்கள் ஊர்ப் பக்கம்தான். அவள் கணவன் சென்ட்ரிங் வேலைக்காரன், விடிவதற்குள் கிளம்பிவிடுவான். வீட்டில் படுத்த படுக்கையான மாமியார். செல்வி ஒரு துணிக் கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். அந்த வருடம் அவளை சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். காலனியிலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் ஆள் அவள்தான். சூப்பர்வைசருக்கு நீலக் கோட்டு உண்டு. மற்றவர்கள் கம்பெனியில் போய்ப் போட்டுக்கொள்வார்கள். செல்வி வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வருவாள். ஏழே முக்காலுக்குக் கம்பெனி வேன் முக்கில் வந்து நிற்கும். என் குழிக்குப் பக்கத்தில்தான். நாற்பது மெஷின் தன் கீழே இருக்கிறது என்று எனக்கே இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.

ஒருநாள் வேன் போன பிறகு ஓடிவந்தாள்.

"ஏனுங்ணா, ரெண்டு வாரமா தண்ணி நூலாட்டம் வருதுங்க. ஏழு மணிக்கெல்லாம் ரொம்பற கொடம், எட்டானாலும் ரொம்ப மாட்டேங்குது. மாமியாளுக்குத் தண்ணி வெக்காம நான் எப்படிங்க கெளம்பறது?"

என் கையில் சாவி இருந்தது. அன்றைக்கும் ஒன்பது சுற்று.

"வெய்யக் காலம்மா. அணையில தண்ணி கம்மி" என்றேன்.

"அப்படீங்களா" என்று நம்பிவிட்டாள். "மூணு நாள் லேட்டானா கேட்டத் தொறக்க மாட்டாங்ணா. நீங்க பாத்து ஏதாச்சும் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

பாத்து பண்ண என்னைத் தவிர வேறு ஆள் யார் இருந்தார்கள்? மூன்று சுற்று குறைத்தால் முடிந்தது. ஆனால் மறுநாள் சாவித்திரம்மா மாடியில் நின்று என்ன சொல்வாரோ என்றுதான் என் மனம் ஓடியது. தண்ணீர் குறைந்துவிட்டது என்று அந்த முகம் சுருங்குவதை நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அணையில் தண்ணீர் குறைவு என்பதை நாலு தடவை சொன்னதில் நானே பாதி நம்பிவிட்டேன்.

காலனிக்காரர்கள் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தார்கள். நஞ்சுண்டையா குடத்தை வைத்துக் கடிகாரத்தைக் கழற்றினார். முக்கால் நிமிடத்தில் நிரம்ப வேண்டிய குடம் மூன்று நிமிடம் தாண்டியது.

"பழனி, ஏழாவது கிராஸ் ஆறு தானே?"

"ஆறுதான் சார்."

அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். என் சொல்லை எழுதிக்கொண்டார். குழிக்குப் போய்ச் சரி பார்க்கவில்லை. "அப்டின்னா நடுவுல எங்கயோ லீக். கம்பி எடு" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வால்வைத் திறந்துவிட்டு வந்ததும், நான் முன்னால் கம்பியோடு, அவர் பின்னால் நோட்டோடு, ஒன்றரை கிலோமீட்டர் நடந்தோம். ஊன்றிக் கேட்டேன். ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியாதா ஒன்றும் இருக்காதென்று? முக்கால் வழி போனோம். எங்கும் இல்லை என்று சொன்னால் அவர் அடுத்ததாக வால்வுக் குழிக்குத்தான் போவார். ஒரு வேப்பமரத்தடியில் கம்பியை ஊன்றினேன். ரொம்ப நேரம் காதை வைத்துக்கொண்டிருந்தேன்.

"கேக்குதுங்க சார்" என்றேன்.

இத்தனை வருடத்தில் நான் செய்த தவறுகளில் இதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அதிகமாகத் திறந்தது பலவீனம். இது வேறு. என்னிடம் இருந்த ஒரே நல்ல பொருளை எடுத்துப் பொய்க்குக் கொடுத்தேன்.

மூன்று கூலியாட்கள் தோண்டினார்கள். பாறை மண். நானும் கடப்பாரையைப் பிடித்தேன்; சும்மா நிற்க முடியவில்லை. பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளந்தது. நடுப்பகலில் குழாய் தெரிந்தது. சுற்றிலும் புழுதி மாதிரிக் காய்ந்த மண். "சத்தம் தள்ளிக் கேட்டிருக்கும் சார், இன்னும் பத்தடி அந்தப் பக்கம்" என்றேன். நாளைக் காலையில் முதல் வேலையாக ஆறாகக் குறைத்துவிட வேண்டும், தண்ணீர் தானாகச் சரியாகிவிடும், எல்லாம் மறந்துபோகும் என்பது என் திட்டம். ஆனால் மறுநாள் சாவித்திரம்மாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். முந்தின சாயங்காலமே சொல்லி வைத்திருந்தார். அன்றைக்கு ஒருநாள் மட்டும் என்று மறுபடி ஒன்பது திறந்தேன்.

அன்று காலை ஏழு மணி சுமாருக்கு இரண்டாவது பள்ளத்திலும் குழாய் தெரிந்தது. நஞ்சுண்டையா உள்ளே இறங்கினார். ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். பொலபொலவென்று கொட்டியது. மேலே வந்து மொபெட்டைக் கிளப்பினார். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். சைக்கிளில் பின்னாலேயே போனேன்.

குழியில் சாவியை விட்டு ஏழாவது கிராஸ் வால்வை அவரே மூட ஆரம்பித்தார். மூடும்போதுதான் எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று தெரியும். ஒரு சுற்று, ஒரு மூச்சு. கன்னடத்தில் வாய்விட்டு எண்ணினார். ஆறு வந்தது. சாவி நிற்கவில்லை. ஏழு. எட்டு. ஒன்பதில் இறுகியது. மேலே சாவித்திரம்மா வீட்டில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுபடி ஆறு சுற்று திறந்து வைத்துவிட்டுச் சாவியை உருவினார்.

"ரிப்போர்ட் பண்ணா உனக்கு ஒரு இன்கிரிமென்ட் போகும். அதுக்கு மேலே ஒண்ணும் ஆகாது. அது சாலது" என்றார். போதாது என்று அர்த்தம். "நீயே போய் அந்த ஜனங்ககிட்ட சொல்லு. நான்தான் செஞ்சேன்னு சொல்லு." பிறகு கையை நீட்டினார். "கம்பியைக் கொடு."

கொடுத்தேன். அதை மொபெட்டில் கட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தக் கம்பி என் கைக்கு வரவே இல்லை.

சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். ஞாயிற்றுக்கிழமை. காலனித் தெருவில் முதலில் எதிர்ப்பட்டது செல்விதான்.

"வாங்ணா, வாங்ணா! உங்களத்தான் நெனச்சேன். நாலு நாளா தண்ணி அடிச்சுக்கிட்டு வருதுங்க" என்று உள்ளே ஓடி ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். "மாதேசுவரன் மலைக்குப் போயிருந்தோமுங்க. லட்டு. நீங்க அந்த வேகாத வெய்யில்ல எங்களுக்காவ மண்ணு தோண்டுனீங்க. நான் வேலையில்லாம ஊட்ல இருந்தனுங்க, பாத்தேன். நம்மூரு ஆளுங்கறது சும்மாவான்னு இவருகிட்டச் சொன்னேன்."

"வேலையில்லாமயா?" என்றேன்.

"லேட்டுன்னு கேட்டச் சாத்திப்போட்டாங்க. கோட்ட வேற ஒருத்திக்குக் குடுத்துட்டாங்களாம். வேணும்னா நூலு வெட்டற வேலைக்கு வான்னாங்க." சிரிக்கப் பார்த்தாள். "போச்சாதுங்க, போனாப் போவுது. தண்ணியாச்சும் வந்துதே."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. லட்டை வாங்கிக்கொண்டு, "சரிம்மா" என்று வந்துவிட்டேன். வழியிலேயே தின்றேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் கமலா கேட்பாளே.

மூன்று மாதத்தில் நஞ்சுண்டையாவுக்குச் சாமராஜநகருக்கு மாற்றல் ஆயிற்று. கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சொன்னியா?" என்றார். "சொல்லிட்டேன் சார்" என்றேன். தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியாது. கம்பியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். நஞ்சுண்டையா இப்போது உயிரோடு இல்லை. அவரிடம் போய்த் திருத்திச் சொல்லவும் வழி இல்லை.

செல்வி நூல் வெட்டும் வேலைக்குக் கொஞ்ச நாள் போனாள். தன் கீழே இருந்தவர்களுக்குக் கீழே உட்கார முடியாமல் விட்டுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒருநாள் காலை சாவித்திரம்மா வழக்கம்போல, "பழனி, காபி" என்று கூப்பிட்டார். டம்ளரோடு வெளியே வந்தது செல்வி. பாத்திரம் தேய்க்கும் வேலைக்கு அங்கே சேர்ந்திருக்கிறாள். கை ஈரமாக இருந்தது. "குடிங்ணா" என்றாள்.

"பேடம்மா" என்று சாவித்திரம்மாவைப் பார்த்துச் சொன்னேன். என் வாயில் அந்தச் சொல் வந்தது அன்றுதான் முதல் தடவை.

அதன்பிறகு இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ஆறு என்றால் ஆறு. எந்த வீட்டிலும் எதுவும் குடிக்கவில்லை. "பழனிக்குக் கொம்பு முளைச்சிருச்சு" என்றது தெரு. கொஞ்ச நாளில் மறுபடியும் "ஏய் தண்ணி" ஆனேன். அது சரியான வேலை. சந்தோஷம் மட்டும் அதில் இல்லை. நேர்மையாக வேலை பார்த்தால் நிறைவு வரும் என்பார்கள். முதலிலிருந்தே பார்த்தவர்களுக்கு வரலாம். எனக்கு ஒவ்வொரு காலையும் ஆறாவது சுற்றில் கை நிற்கும்போது செல்வியின் நினைவுதான் வந்தது.

மறுபடி பயிற்சி வகுப்புக் கதைக்கு வருகிறேன். நான் பேசி முடித்ததும் இளம் என்ஜினியர் பெண் ஒருத்தி, தங்கமான பெண், தன் போனை எனக்குக் காட்டினாள். இப்போது வால்வைத் திருப்ப ஆள் வேண்டாமாம். போனிலேயே திறக்கலாம், மூடலாம். எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று வரைபடத்தில் தெரியும். சரியாக வந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு. "இது உங்க பழைய ஏரியா சார்" என்று விரலால் நகர்த்தினாள். கல்குட்டைக் காலனி பச்சையாக இருந்தது. அன்றைக்கு இது இருந்திருந்தால் ஒரே நாளில் சிவந்திருக்கும். பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னாலிருந்து யாரோ சால்வையைப் போர்த்தினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கமலா கேட்டாள். "ஏனுங்க, சால்வையெல்லாம் போட்டுட்டு வந்துட்டு மூஞ்சி ஏன் எழவு ஊட்டுக்குப் போனாப்பல இருக்குது?"

அவளிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள்: "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவுது? தண்ணி எனக்கா வராமப் போச்சு?"

மறுநாள் காலையில் போனேன். காலனி அடையாளம் தெரியவில்லை. ஷீட் வீடெல்லாம் காங்கிரீட் வீடாகிவிட்டது, வீட்டுக்கு வீடு குழாய், மீட்டர். இரண்டு இடத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். செல்விக்கு முடி முக்கால்வாசி நரைத்துவிட்டது. என்னை உடனே தெரிந்துகொண்டாள். "அட, தண்ணி அண்ணனுங்களா! வாங்க, உள்ள வாங்க" என்று நாற்காலி போட்டாள். மூலையில் இருந்த குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கையில் கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் அதுதான்.

நான் குடிக்கவில்லை. "மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன்" என்றேன். சொன்னேன். ஒன்பது சுற்று, அணையில் தண்ணீர் இல்லை என்ற பொய், கம்பி, காய்ந்த மண், லட்டு. எதையும் விடவில்லை. சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரர் தக்காளி விலையைச் சொல்லிக்கொண்டே கடந்து போனார்.

"மூணு சுத்துங்களா" என்றாள் செல்வி.

"மூணுதாம்மா."

"பதினோரு மாசம் அந்தக் கோட்டப் போட்டிருந்தேனுங்ணா. நாப்பது மிசினு. லைன்ல நான் நடந்து வந்தா, ஒரு மிசினு சத்தம் மாறுனாக்கூட எந்த மிசினுன்னு காதுல புடிச்சுருவேன்." கையைப் பார்த்துக்கொண்டாள். "அந்த வேலையில நான் சந்தோசமா இருந்தேனுங்க."

மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நானும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

செல்வி எழுந்து வந்தாள். என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டாள். வாய் வைக்காத தண்ணீர். இருபத்து நாலு மணி நேரமும் குழாயில் வருகிற வீடு, வாசலில் கொட்டியிருக்கலாம். தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் கொட்ட மாட்டார்கள். மூலைக்குப் போய் அதைக் குடத்திலேயே திரும்ப ஊற்றித் தட்டால் மூடினாள்.

நான் எழுந்துகொண்டேன்.